கேங்ஸ்டா ராப்பை எங்கிருந்து தொடங்குவது? நான்கு முதல் ஆல்பங்களும் ஒரு தேர்வும்

தெருக்குற்ற வாழ்க்கையைப் பாடும் ராப் வகையான கேங்ஸ்டா ராப்பைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர் யாரிடம் வழி கேட்டாலும், பெரும்பாலும் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காம்ப்டன் நகரத்தின் பெயரை 1988இல் உலகமறியச் செய்த அந்த ஆல்பம் இந்த வகையின் புகழ்பெற்ற முகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடக்கம் அதுவல்ல. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மூன்று நகரங்களிலிருந்து மூன்று முதல் ஆல்பங்கள் வந்திருந்தன: 1985இல் பிலடெல்ஃபியாவிலிருந்து ஸ்கூலி டி தம் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம், 1987 மார்ச் மாதம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸின் ‘கிரிமினல் மைண்டட்’, அதே ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐஸ்-டியின் ‘ரைம் பேஸ்’. இந்த நான்கில் ஒன்றை மட்டும் முதலில் முழுதாகக் கேட்பது என்றால் எதைக் கேட்பது என்பதுதான் இங்கே கேள்வி. என் தேர்வு ‘ரைம் பேஸ்’. நான்கில் அதுவே சிறந்தது என்று நான் சொல்லவில்லை. இசையாக மட்டும் எடைபோட்டால் அது மூன்றாவது இடத்தைத் தாண்டாது. இருந்தும் அதை முன்னே வைப்பதற்குக் காரணம் உண்டு.

இந்த வகைப் பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே தன்மையில் பேசுகின்றன: நான் விற்றேன், நான் சுட்டேன், நான் தப்பினேன். அந்த ‘நான்’ பாடகரின் வாக்குமூலமா, அவர் கண்ட ஒருவனின் கதையா, அல்லது இரண்டும் கலந்து கட்டிய பாத்திரமா என்பது கேட்பவருக்குப் பிடிபடாவிட்டால், இதை வெறும் வன்முறைப் பிதற்றல் என்று ஒதுக்கிவிடுவார். அல்லது சொன்னதெல்லாம் நடந்தது என்று நம்பி மயங்கி நிற்பார். 1980களின் அமெரிக்கப் பத்திரிகைகளும் அதிகாரிகளும் பெற்றோர் சங்கங்களும் முதல் பிழையைச் செய்தன. ரசிகர்களில் பலர் இரண்டாவதைச் செய்தார்கள். ஆகவே முதலில் கேட்கும் ஆல்பம் இந்தப் பாத்திரப் பேச்சுக்குக் காதைப் பழக்க வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல். சொல் புரியும்படி இருக்க வேண்டும் என்பது அடுத்தது, ஏனென்றால் அமெரிக்கத் தெருமொழியில் பழக்கமில்லாத நமக்கு, வேகமாக விழுங்கிப் பேசும் வரிகள் வெறும் ஓசையாகவே கடந்துபோகும். ஆல்பம் முழுவதும் தரம் ஒரே சீராக இருக்கிறதா என்பதை மூன்றாவதாகத்தான் பார்க்கிறேன்.

காலத்தில் மூத்தது ஸ்கூலி டியின் ஆல்பம். மேற்கு பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த இவர் எந்தப் பெரிய நிறுவனத்தையும் நம்பாமல் சொந்தப் பெயரில் லேபிள் நடத்தி, அட்டைப் படத்தையும் தம் கையாலேயே கார்ட்டூன் போல வரைந்து வெளியிட்டார். ஆறே பாடல்கள். அவற்றில் ‘பி.எஸ்.கே.’ என்ற பாடலுக்காகத்தான் இந்த ஆல்பம் நினைவுகூரப்படுகிறது; பார்க் சைடு கில்லர்ஸ் என்ற உள்ளூர்க் குழுவின் பெயர்ச் சுருக்கம் அது. ரோலண்ட் 909 டிரம் மெஷினின் அடிமேல் அளவுக்கு மிஞ்சிய எதிரொலியைப் போர்த்தியிருப்பதால், ஒவ்வொரு அடியும் காலியான பெரிய கூடத்திற்குள் இரும்புக் கதவைச் சாத்துவது போல விழுகிறது. கதை சிறியது. இரவில் ஊர் சுற்றக் கிளம்பும் ஒருவன், தன் பாணியைத் திருடிப் பாடும் இன்னொரு ராப்பரைப் பார்த்து அவன் தலையில் துப்பாக்கியை வைக்கிறான். அந்த நொடியில் சிறைக்குப் போக வேண்டியிருக்குமே என்ற எண்ணம் குறுக்கிட, துப்பாக்கியை விட்டு மைக்கைப் பிடுங்கிக்கொள்கிறான். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இந்த ஒரு கணத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் விதைக்குப் பிறகு ஆல்பத்தில் பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. காலணி, கைக்கடிகாரம் என்று பிராண்டுப் பெருமை பேசும் பாடல்களும், டிஜே கோட் மனி இசைத்தட்டைத் தேய்த்துக் காட்டும் வித்தையும்தான் மிச்சம். ‘பி.எஸ்.கே.’யைத் தனிப்பாடலாகக் கேட்டால் போதும் என்பதே என் கருத்து.

‘கிரிமினல் மைண்டட்’ வேறு கதை. நான்கில் இசையாக என்னை அதிகம் கட்டிப்போடுவது இதுதான். பிராங்ஸில் வீடற்ற ஆண்களுக்கான தங்குமிடம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்த்த ஸ்காட் ஸ்டெர்லிங் என்ற ஸ்காட் லா ராக்கும், அங்கே தங்கியிருந்த லாரன்ஸ் பார்க்கர் என்ற கே.ஆர்.எஸ்.-ஒன்னும் சேர்ந்து உருவாக்கியது. அல்ட்ராமேக்னெட்டிக் எம்சீஸ் குழுவின் செட் ஜீ பெயர் அட்டையில் பெரிதாகத் தெரியாவிட்டாலும், பழைய பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துணுக்குகளான சாம்பிள்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய அந்த ஒலியில் அவருடைய பங்கு அதிகம். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசை நடையை ராப்புக்குள் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்தவர்கள் அதற்கு முன் இல்லை. ‘நைன் மில்லிமீட்டர் கோஸ் பேங்’ என்ற பாடல் அந்த நடையிலேயே, கிராக் என்ற கொக்கைன் வகைப் போதைப்பொருளை விற்கும் பீட்டர் என்பவனைத் தற்காப்புக்காகச் சுட நேர்ந்ததையும், அதற்குப் பழிதீர்க்க அவன் கூட்டாளிகள் வந்ததையும் சொல்கிறது. தாலாட்டுப் போன்ற மெட்டில் கொலைக்கதை கேட்பதில் ஒரு விசித்திரமான கூச்சம் உண்டு, அதுவே பாடலின் பலமும்கூட. அட்டையில் இருவரும் துப்பாக்கிகளுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயுதம் ஏந்திய ராப்பர் என்ற பிம்பம் அதன் பிறகு எத்தனை அட்டைகளுக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

இருந்தும் கேங்ஸ்டா ராப்பின் வாசலாக இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஆல்பத்தின் பெரும்பகுதி தெருக்குற்றம் பற்றியதே அல்ல. ‘சவுத் பிராங்ஸ்’, ‘த பிரிட்ஜ் இஸ் ஓவர்’ ஆகிய இரு உச்சப் பாடல்களும், ஹிப்-ஹாப் எந்தப் பேட்டையில் பிறந்தது என்று நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குவீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த ராப்பர் எம்.சி. ஷானோடும் தயாரிப்பாளர் மார்லி மார்லோடும் நடத்திய சொற்போர். அந்தச் சண்டையின் முன்கதை தெரியாதவருக்குப் பாதி குத்தல்கள் எங்கே குத்துகின்றன என்றே விளங்காது. அதோடு இந்தக் குழுவே இந்தப் பாதையில் தொடரவில்லை. ஆல்பம் வந்த ஐந்தாம் மாதத்தில், 1987 ஆகஸ்டில், குழுவின் இளைய உறுப்பினர் ஒருவருக்கு ஏற்பட்ட தகராறைச் சமாதானம் பேசித் தீர்க்கப் போன ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்டார். கே.ஆர்.எஸ்.-ஒன் அதற்குப் பின் வன்முறையை நிறுத்தச் சொல்லும் இயக்கத்தை முன்னின்று தொடங்கி, ஆசிரியர் போலப் பேசும் ராப்பராக மாறினார். சொற்போர் ராப்பின் சிகரமாகக் கேட்க வேண்டுமானால் இதைவிட நல்ல ஆல்பம் இல்லை. நாம் கேட்கும் கேள்விக்கு இதில் கிடைப்பது பாதி விடைதான்.

‘ரைம் பேஸ்’ வந்தபோது ஐஸ்-டிக்கு வயது 29. இந்த ஓர் எண்ணே பலவற்றை விளக்குகிறது. டிரேசி மேரோ என்ற இயற்பெயர் கொண்ட இவர் நியூஜெர்சியில் பிறந்து, சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பப்பட்டவர். கிரென்ஷா பள்ளியில் படித்தார், ராணுவத்தில் இருந்தார், வெளியே வந்தபின் சட்டத்திற்குப் புறம்பான வேலைகளில் புழங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெயரைக்கூட, பாலியல் தரகுத் தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்த ஐஸ்பெர்க் ஸ்லிம் என்ற எழுத்தாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார். எழுத்தாளரிடமிருந்து பெயர் எடுத்தவரின் பாடல்களில் கதைசொல்லி ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருக்கிறான். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் குரல் அது. அவசரமில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. ஆங்கிலப் பாடல் வரிகளைக் காதால் பிடிக்கச் சிரமப்படுகிறவர்கள்கூட இரண்டாம் முறையில் கதையைத் தொடர்ந்துவிடலாம்.

ஆல்பத்தின் மையம் ‘6 இன் த மார்னின்’. 1986இல் ஒரு தனித்தட்டின் பின்பக்கத்தில் முதலில் வந்த இந்தப் பாடலுக்கு ஸ்கூலி டியின் ‘பி.எஸ்.கே.’தான் தூண்டுதல் என்று ஐஸ்-டி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு வரிக்கு ஒருமுறை மூச்சுவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவும் அந்த நடையை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவு உடனே தெரியும். காலை ஆறு மணிக்குப் போலீஸ் கதவைத் தட்டுகிறது. புது அடிடாஸ் காலணி குளியலறைத் தரையில் கிறீச்சிட, கதைசொல்லி பின்பக்க ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறான். பிறகு சூதாட்டம், கூட்டாளிகள், ஒரு பெண்ணை நடுத்தெருவில் போட்டு அடிப்பது (இதைச் சொல்லும்போது குரலில் எந்த உறுத்தலும் இல்லை, கேட்கும் நமக்குத்தான் உறுத்துகிறது), கைது, சிறை. ஏழு ஆண்டு கழித்து வெளியே வருகிறான். பாடலின் மிகக் கூர்மையான இடம் அங்கேதான் இருக்கிறது. தெருவில் யார் யார் என்ன ஆனார்கள் என்று நண்பன் ஒருவன் வரிசையாகச் சொல்கிறான்: ஒருவன் வியாபாரத்தில் வளர்ந்துவிட்டான், ஒருவன் தரகனாகிவிட்டான், பழைய காதலி உடலை விற்கிறாள். ஊருக்குள் பேட்டர்ராம் ஓடுகிறது, கிராக் கட்டிகள்தான் இப்போது சரக்கு, உயிருக்கு மதிப்பில்லை, பணம்தான் ராஜா.

பேட்டர்ராம் என்பது கற்பனையல்ல. கொக்கைன் விற்கும் வீடுகளின் சுவரை இடிப்பதற்காக, முன்பக்கம் நீண்ட எஃகு உத்தரம் பொருத்திய கவச வண்டியை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1985இல் தெருவில் இறக்கியது. ஏழாண்டு சிறையில் இருந்துவிட்டு வரும் ஒருவனின் கண்ணில் அந்த வண்டியையும் கிராக்கையும் ஒரே வரியில் வைத்துவிட்டதன் மூலம், அவன் உள்ளே இருந்த காலத்தில் தன் ஊர் என்னவாக மாறியது என்பதை ஐஸ்-டி விளக்கவுரை இல்லாமல் காட்டிவிடுகிறார். டயர் ஆலையும் கார் ஆலையும் மூடப்பட்ட தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் வேலை போய் கிராக் வந்த காலம் அது என்பதை அறிந்தவருக்கு இந்த இடம் இன்னும் கனக்கும். பாத்திரம் பேசுகிறது, ஆனால் பாத்திரத்தின் தோளுக்கு மேலே நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது இங்கே புரிந்துவிட்டால், அதன் பிறகு இந்த வகையில் எதைக் கேட்டாலும் காது ஏமாறாது.

கடைசிப் பாடலான ‘ஸ்க்வீஸ் த ட்ரிகர்’ அந்தப் பார்வையை அரசியலாக விரிக்கிறது. போலீஸுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே உள்ள வெறுப்பு, எச்சரிக்கைச் சூடு என்ற பெயரில் விழும் பிணங்கள், வேண்டாத நாடுகளுக்கு அதிபர் ரீகன் அனுப்பும் துப்பாக்கிகள், நடைபாதையில் பசியோடு படுத்திருப்பவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. என்.டபிள்யூ.ஏ. சொன்னவற்றில் பாதி ஓராண்டுக்கு முன்பே இங்கே சொல்லப்பட்டிருப்பதை, அந்தக் குழுவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

குறைகள் சிறியவை அல்ல. நடுவில் வரும் ‘ஐ லவ் லேடீஸ்’, ‘செக்ஸ்’ ஆகியவற்றைக் கேட்டே ஆக வேண்டும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அசட்டுத்தனமான சரசத்தைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. தயாரிப்பாளர் ஆஃப்ரிகா இஸ்லாம் நியூயார்க்கிலிருந்து வந்தவர் என்பதால், மேற்குக் கடற்கரையின் முதல் பெரிய ராப் ஆல்பங்களில் ஒன்றான இதன் ஒலியில் மேற்குக் கடற்கரை குறைவாகவே இருக்கிறது. தலைப்புப் பாடலில் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டாரை எடுத்துப் போட்டிருப்பது மட்டும் துணிச்சல். ஐஸ்-டி பின்னாளில் மெட்டல் குழு ஒன்றையே தொடங்கியதற்கு முன்னோட்டம் அது. டிரம் மெஷின் அடிகள் பல இடங்களில் மெலிந்தும் காலாவதியானதாகவும் கேட்கின்றன. மடோனாவின் ஆல்பங்களை வெளியிட்ட சைர் நிறுவனமே இதையும் வெளியிட்டது. பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டுடன் கடைக்கு வந்த ஆரம்பகால ராப் ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தில் இந்தக் குறை எதுவும் இல்லை. முதல் மூன்று பாடல்களின் விசைக்கு ஈடாக அந்தப் பத்தாண்டின் ராப்பில் வேறெதையும் என்னால் சொல்ல முடியாது. குழுவின் ஐஸ் கியூப் அப்போது 19 வயது இளைஞர், எம்.சி. ரென்னும் அதே வயதுக்காரர். டாக்டர் டிரேயும் டிஜே யெல்லாவும் அதற்கு முன் பளபளப்பான உடையில் நடன இசை போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பது இன்று நம்பக் கடினம், ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பாடலில் அந்தப் பழைய வாழ்க்கை எட்டிப் பார்க்கிறது. தலைப்புப் பாடலில் வின்ஸ்டன்ஸ் குழுவின் பழைய சோல் பாடலிலிருந்து எடுத்த டிரம் துண்டு, அடிமேல் அடியாகச் செறிந்து, மூச்சுவிட இடம் தராமல் துரத்துகிறது. அச்சில் முழுப்பெயரை எழுதக் கூச வேண்டியிருக்கும் இரண்டாவது பாடல் ஒரு நீதிமன்ற நாடகம்: நீதிபதி ஆசனத்தில் டிரே, குற்றம்சாட்டும் வழக்கறிஞர்களாக மற்றவர்கள், கூண்டில் காவல்துறை. 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போன போலீஸ் வேட்டையின் பின்னணியில் இதைக் கேட்டால், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியிருக்காது.

இந்தப் பாடலுக்காக எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 1989 ஆகஸ்டில் ஆல்பத்தை விநியோகித்த பிரையாரிட்டி நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதியதும், அதனால்தான் ஆல்பம் விற்றது என்ற கதை பரவியதும் எல்லோரும் அறிந்தது. ஆனால் கடிதம் வருவதற்கு முந்தைய மாதமே ஆல்பம் பிளாட்டினம் சான்று பெற்றுவிட்டது. வானொலியின் ஆதரவு பெரிதாக இல்லாமல், எம்டிவி தலைப்புப் பாடலின் வீடியோவை ஒளிபரப்ப மறுத்த நிலையில், பத்து லட்சம் பிரதிகள்.

அப்படியிருக்க இதையே முதலில் கேட்டால் என்ன? சிக்கல் அவர்களுடைய அந்தப் 19 வயதில்தான் இருக்கிறது. இங்கே பாத்திரத்துக்கும் பாடுபவருக்கும் நடுவே இடைவெளியே விடப்படவில்லை. விடாததுதான் அவர்களுடைய உத்தி. உண்மையில் ஐஸ் கியூப் அப்போதுதான் கட்டட வரைபடப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வந்திருந்தார். வெளியில் நின்று கவனித்ததை உள்ளே நின்று செய்தது போல எழுதும் திறமை அவருடையது. குழுவின் இன்னொரு பாடகரான ஈஸி-ஈ பாடிய பல வரிகளும் பிறர் எழுதிக் கொடுத்தவை. இதையெல்லாம் ஆல்பம் தானாகச் சொல்லாது. கேட்பவர் அறிந்து வர வேண்டும். நீதிமன்ற நாடகத்தில் மட்டுமே அவர்கள் வேஷம் கட்டியிருப்பதை வெளிப்படையாகக் காட்டுகிறார்கள், அதனால்தானோ என்னவோ அதுவே ஆல்பத்தின் மிக முழுமையான பாடலாக நிற்கிறது. முதல் மூன்று பாடல்களுக்குப் பின் தரம் இறங்கி, பெண்களைப் பற்றிய பேச்சு சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே தடத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ மட்டும் இடையில் ஆறுதல். அதில் கஞ்சாவைத் தொடமாட்டேன் என்று பாடும் டிரே, நான்கு ஆண்டு கழித்துத் தம் தனி ஆல்பத்துக்குக் கஞ்சாவின் பெயரையே வைத்தார். இந்த ‘நான்’ எவ்வளவு தூரம் கழற்றி மாட்டக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெண் வெறுப்பைப் பொறுத்தவரை நான்கில் எதுவும் தப்பவில்லை. ‘கிரிமினல் மைண்டட்’டில் அளவு குறைவு, ஆனால் ராக்ஸேன் ஷான்டே என்ற பெண் ராப்பரைப் பற்றி அதில் வரும் வரி மற்ற மூன்றுக்கும் சளைத்ததல்ல. இதைச் சகிக்க முடியாது என்று முடிவு செய்கிறவரோடு எனக்கு வாதமில்லை. 1988இலேயே வந்த ஈஸி-ஈயின் தனி ஆல்பத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம், அதே தயாரிப்பாளர்களும் ஏறக்குறைய அதே எழுத்தாளர்களும் செய்த அது, ‘காம்ப்டன்’ ஆல்பத்தைக் கேட்டவருக்குப் புதிதாக எதையும் தருவதில்லை என்பதுதான்.

எனவே ஒரே ஒரு ஆல்பம் மட்டும் கேட்கப் போகிறேன், இதற்குப் பின் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறவர் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ கேட்கட்டும். அவருக்கு உச்சம்தான் தேவை. ராப்பில் ஏற்கனவே பழக்கம் உள்ளவர், பழைய நியூயார்க் ஒலியில் விருப்பம் உள்ளவர், ‘கிரிமினல் மைண்டட்’டிலிருந்து தொடங்கினால் ஏமாற மாட்டார். மற்றபடி இந்த வகையைப் புரிந்துகொண்டு தொடர்ந்து கேட்க நினைக்கும் புதியவர் முதலில் ‘பி.எஸ்.கே.’யை ஒருமுறை கேட்டுவிட்டு, ‘ரைம் பேஸ்’ ஆல்பத்துக்குப் போகலாம். அதில் ‘ஐ லவ் லேடீஸ்’, ‘செக்ஸ்’ இரண்டையும் தயங்காமல் தாண்டிவிட்டு, ‘6 இன் த மார்னின்’ பாடலை வரிகளைப் படித்துக்கொண்டே இரண்டு மூன்று முறை கேட்க வேண்டும். அதன் பிறகு ‘காம்ப்டன்’ ஆல்பத்தின் மூன்றாவது பாடலான ‘கேங்ஸ்டா கேங்ஸ்டா’வில் கே.ஆர்.எஸ்.-ஒன்னின் குரல் சாம்பிளாக வெட்டி ஒட்டப்பட்டிருப்பதைக் கவனித்தால், அடுத்து ‘கிரிமினல் மைண்டட்’டுக்கு எப்படிப் போவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.